ஒசத்தி பெட்ரோல்

கார் மறுபடியும் பன்னிரண்டுதான் கொடுத்தது.

மீஞ்சூர் பெட்ரோல் பங்கில் டேங்கை விளிம்புவரை நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்து, செல்போன் திரையை வெயிலுக்குக் கைமறைத்துப் பார்த்தார் அருணாச்சலம். லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். போன வாரமும் இதே பன்னிரண்டுதான். எங்கேயாவது ஒரு எண்ணைத் தப்பாக அழுத்தியிருக்க மாட்டோமா என்று ஆசையாக இருந்தது.

"கொஞ்சம் நீ போட்டுப் பாரும்மா," என்று பெட்ரோல் போட்ட பெண்ணிடம் செல்போனை நீட்டினார்.

அவள் போட்டுப் பார்த்தாள். "பன்னண்டு சார். எத்தினி தபா போட்டாலும் பன்னண்டுதான். பின்னாடி வண்டி நிக்குது, நவுருங்க."

அருணாச்சலம் நகர்ந்தார்.

அந்தப் பழைய கார் அவர் வீட்டுக்குள் வந்ததே பதினெட்டு என்ற எண்ணின் சிபாரிசில்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையில் அவருக்கு வேலை. உலையிலிருந்து சிவக்கச் சிவக்க வரும் இரும்பு, உருளைகளுக்குள் ஒழுங்காக நுழைகிறதா என்று நின்று பார்க்க வேண்டும். உட்கார்ந்து பார்க்கிற வேலை இல்லை அது. ஷிப்ட் முடிந்ததும் ஷேர் ஆட்டோவில் பாதி உடம்பை வெளியே வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்து, ரயிலில் நின்று, மீஞ்சூரில் இறங்கி வீடுவரை நடக்க வேண்டும். ஐம்பதைத் தாண்டிய பிறகு அவருக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சம் இருந்தது. உட்கார்ந்துகொண்டு வீட்டுக்கு வர வேண்டும். வேறு எந்தப் பதவியும் அவர் கேட்கவில்லை.

அதற்கு மனைவி கங்கம்மா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள்.

"பதினெட்டு குடுக்கும்னு விக்கிறவன் சொல்றான், நீயும் சொல்ற. குடுத்தா நம்ம ஊட்ல நிக்கட்டும். இல்லன்னா ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போவோம் இல்ல, அப்படியே பொதட்டூர்பேட்டைல என் தம்பி கையில சாவியக் குடுத்துட்டு வந்துருவோம்."

தம்பி வசந்தகுமார் பொதட்டூர்பேட்டையில் உரக்கடை வைத்திருப்பவன். அவன் இப்போதே சீட் கவர்களின் படங்களை எடுத்து அக்காவுக்கு அனுப்ப ஆரம்பித்திருந்தான். அரக்கு நிறமா, சாம்பல் நிறமா என்பதில்தான் அவனுக்கு இன்னும் குழப்பம்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தி இறங்கியதுமே கங்கம்மா கேட்டாள். "எவ்ளோ?"

"பன்னண்டு."

"ஏசி போடுறியா?"

"எப்பவாச்சும்."

"போடாத. அதான் துன்னுது. ஜன்னல எறக்கி வுட்டுக்கோ, காத்து வரும்."

காற்று வந்தது, ஆனால் தனியாக வரவில்லை. சிப்காட் சாலையில் இரும்புத்தூளும் லாரிப் புகையும் அதோடு கூட்டாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டன. ஆலையின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்து, பின் சீட்டில் கூட வரும் ஏஞ்சலின் மூன்றாம் நாள் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து, அதை எல்லோருக்கும் விரித்துக் காட்டினாள்.

"அண்ணா, நான் இன்னா, வேலைக்கா வர்றேன், கரி மூட்டை தூக்கவா வர்றேன்?"

மறுநாளிலிருந்து அவள் பழையபடி ரயிலுக்குப் போய்விட்டாள். பெட்ரோலுக்கு ஒழுங்காகப் பங்கு கொடுத்து வந்த ஒரே ஆள் அவள்தான். மிச்சம் இருந்தது ஸ்டீபன். கம்பியின் தரத்தைச் சோதிக்கும் பிரிவில் இருப்பவன். முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு யோசனை மட்டும் தருவான்.

"ஏசிலாம் இல்லணா. பெட்ரோலே சரியில்ல. பிரீமியம்னு ஒண்ணு விக்கிறான் பாத்துக்கிறீங்களா? ஆக்டேன் ஜாஸ்தி. இன்ஜின் சும்மா பிச்சிக்கினு போவும். மைலேஜு தானா ஏறும்."

"நீ போட்டுப் பாத்துக்கிறியா?"

"எங்கிட்ட ஏதுணா காரு?"

கார் இல்லாதவர்களுக்குக் காரைப் பற்றித் தெரிந்திருக்கும் அளவுக்கு, கார் வைத்திருப்பவனுக்குத் தெரிவதில்லை. அருணாச்சலம் அடுத்த தடவை பிரீமியம் பெட்ரோல் பக்கம் வண்டியை விட்டார். அங்கே வரிசையே இல்லை. ஏன் இல்லை என்று அப்போதே யோசித்திருக்கலாம். வரிசை இல்லாத இடத்தைப் பார்த்ததும் அவருக்கு வந்தது சந்தோஷம்தான்.

அந்த வாரம் கார் பதினொன்று கொடுத்தது.

"பழவலணா," என்றான் ஸ்டீபன், கொஞ்சமும் அசராமல். "சாதா பெட்ரோலு குடிச்சி வளந்த வண்டி. ஒடனே ஒத்துக்குமா? இன்னும் ரெண்டு டேங்க் ஊத்துங்க."

ஊத்தினார். அதற்குப் பிறகு பத்தரை ஆனது.

கங்கம்மா கையில் கரண்டியோடு வந்து பெட்ரோல் மூடியைத் திறக்கச் சொன்னாள். மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த சீட்டைக் கரண்டியால் தொட்டாள்.

"இதுல இன்னா போட்டுக்குது?"

அருணாச்சலம் கண்ணைச் சுருக்கிப் படித்தார். "சாதா பெட்ரோலே போதும்னு போட்டுக்குது."

"வண்டியப் பண்ணவன் சாதாவே போதுன்றான். ஸ்டீபன் பத்தாதுன்றான். நீ ஸ்டீபன் பேச்சக் கேக்குற."

"ஊத்துனது வீணாவக் கூடாதுன்னு தொடர்ந்து ஊத்தினேன்."

"நல்லாக்குது நாயம்," என்று உள்ளே திரும்பியவள், வாசற்படியில் நின்றாள். குரல் இறங்கியிருந்தது. "எனக்கு மட்டும் ஆசையா, நீ நின்னுக்கினு வர்றது? காலு வீங்கிப் போயி வர்றத நான்தான பாக்குறேன். ஆனா ஊட்ல இருக்குற எல்லாரும் துன்றத இது ஒண்ணே துன்னா நான் இன்னாபா பண்றது?"

அருணாச்சலம் துணியை எடுத்தார். காரைத் துடைக்கிற மாதிரி கொஞ்ச நேரம் துடைத்தார்.

மறுநாள் ஸ்டீபன் புதுக் கருத்தோடு வந்தான்.

"அப்ப ஒண்ணுதாணா. எவனோ பெட்ரோல உறிஞ்சுறான். கம்பெனிலதான் நடக்குது. சாவிதான் கேட்டுல தொங்குதே."

சாவி தொங்கியது வாஸ்தவம். அந்த ஆலையில் அப்படி ஒரு வழக்கம். நீளநீள டிரெய்லர்கள் இரும்பை ஏற்றிக்கொண்டு உள்ளே திரும்பும்போது எந்தக் கார் குறுக்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் காலையில் சாவியை வாட்ச்மேன் குப்புராஜிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். குப்புராஜ் முன்பு லாரி ஓட்டியவர். தேவைப்பட்டால் எந்த வண்டியையும் எடுத்து ஓரம்கட்டுவார். அருணாச்சலத்தின் கார் சீட் தினமும் பின்னால் சாய்ந்து கிடக்கும். லாரிக்காரர் அப்படி உட்கார்ந்துதான் ஓட்டுவார் போல என்று அவரே நிமிர்த்தி வைத்துக்கொள்வார்.

குப்புராஜின் அறை நான்கு தகரங்களால் ஆனது. அதில் ஒரு காற்றாடி இருந்தது. கோடை தொடங்கியதும் அது அலுவலகத்துக்குப் போனது. அலுவலகத்துக்குப் போனவை எதுவும் வாசலுக்குத் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

அருணாச்சலம் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

"குப்புராஜ்ணா, எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணணும். என் வண்டிய வுட்டு நவுராம இருக்கணும்."

ஈரத்துண்டைத் தலையில் போட்டிருந்த குப்புராஜ் அதை மெதுவாக எடுத்தார். "நானா சார்?"

"ஆமா. லாரி வந்தா போய் கேட்டத் தொறங்க. மத்த நேரம் வண்டிகிட்டயே இருங்க. அதுக்குன்னு வெயில்ல நின்னுக்கினு ஒடம்பக் கெடுத்துக்காதீங்க."

"யாராச்சும் கேட்டா, சார்?"

"அருணாச்சலம்தான் சொன்னாருன்னு சொல்லுங்க. நான் பாத்துக்குறேன்."

குப்புராஜ் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். கண் கலங்கிய மாதிரி இருந்தது. வெயிலில் யாருக்குத்தான் கலங்காது? பிறகு அவர் விறைத்து நின்று ஒரு சல்யூட் அடித்தார். அருணாச்சலத்துக்கு இத்தனை வருடத்தில் அந்த வாசலில் கிடைத்த முதல் சல்யூட் அது.

அந்த வாரம் கார் ஒன்பது கொடுத்தது.

"வெயில்ல நிக்கிற வண்டில பெட்ரோலு ஆவியாப் போவும்ணா," என்றான் ஸ்டீபன்.

அருணாச்சலம் வாசலுக்குப் பக்கத்தில் இருந்த புங்கமரத்தடிக்குக் காரை மாற்றினார். அந்த இடத்துக்கு அடித்துப் பிடித்துக்கொண்டு வர ஏழு பேர் இருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் வர வேண்டுமென்று நாஷ்டாவை விட்டுவிட்டு வீட்டிலிருந்து கிளம்பினார். குப்புராஜ் காரை அந்த நிழலில் பார்த்ததும் இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டார். மறுநாள் ஊரிலிருந்து நுங்கு கொண்டுவந்து, நீங்கள்தான் சாப்பிட வேண்டும் என்று கையில் திணித்தார். காவல் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார் அருணாச்சலம்.

அந்த வாரம் எட்டரை.

இனி ஸ்டீபனை நம்பிப் பயனில்லை என்று மீஞ்சூர் மெக்கானிக் பரசுராமனிடம் போனார். பரசுராமன் பானெட்டைத் திறந்து, டாக்டர்கள் மாதிரி உதட்டைப் பிதுக்கினான்.

"ஏசில கேஸ் கம்மியா கீது தலைவரே. கேஸ் கம்மியானா இன்ஜின இழுக்கும்."

"நான் ஏசியே போடுறது இல்லப்பா."

"போடலன்னாலும் இழுக்கும்."

எப்படி என்று கேட்கத் தெம்பு இல்லை. ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். மரப்பலகையில் உட்கார்ந்தபடி, தான் போடக்கூடாத ஏசிக்குத் தன் கண் முன்னாலேயே கேஸ் நிரப்பப்படுவதைப் பார்த்தார். பரசுராமன் ஏசியைப் போட்டு, உள்ளே கை வைத்துப் பார்க்கச் சொன்னான். கை விறைத்தது. "இப்ப ஊட்டி மாதிரி கீது பாருங்க," என்றான். அருணாச்சலம் அதை அணைத்துவிட்டு, ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டு, வியர்த்தபடி வீட்டுக்குப் போனார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து குப்புராஜ் பனங்கிழங்கு கிடைக்காத காலத்தில் எங்கிருந்தோ பனங்கிழங்கு கொண்டுவந்தார்.

"எதுக்குண்ணா இதெல்லாம்?"

"இருக்கட்டும் சார். நீங்க பண்றதுக்கு இதுகூட இல்லன்னா எப்படி?"

நான் என்ன பண்ணினேன் என்று கேட்க வாயெடுத்தார். சைரன் அடித்தது. உள்ளே ஓடினார்.

கார் ஏழு கொடுத்தது.

ஏழு என்று கேட்டதும் கங்கம்மா திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அவள் ஸ்டூலில் ஏறி, ஆடிக் கிருத்திகைக்கு வைத்திருந்த மஞ்சள் புடவையை எடுத்துக் கீழே வைத்தாள்.

கிருத்திகை அன்று காலையில் கார் கிளம்பியது. சாலை முழுக்கக் காவடிகள். பாதி வழி தாண்டியிருந்தது. கங்கம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"இன்னிக்கு ஒரு நாளு ஏசி போடேன்."

"பெட்ரோலு?"

"போவட்டும். கடைசி நாளுதான."

போட்டார். ஜன்னல்களை ஏற்றினார். உள்ளே குளிர்ந்தது. பக்கத்தில் கங்கம்மா தலையைச் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி, கல்யாணமாகி வந்த புதிதில் தூங்குகிற மாதிரி தூங்கிப் போனாள். அருணாச்சலம் வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டார். திருத்தணி இன்னும் தூரத்தில் இருந்திருக்கலாம் என்று அவருக்குத் துக்கமாக இருந்தது.

பொதட்டூர்பேட்டையில் வசந்தகுமார் சீட் கவரோடு வாசலிலேயே நின்றிருந்தான். அரக்கு நிறம்.

"கவலப்படாதீங்க மாமா, நான் நல்லா பாத்துக்குறேன்," என்றான் மச்சான், சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மொட்டைத் தலைகள் நிரம்பி வழிந்தன. கங்கம்மாவுக்கு யாரோ இடம் கொடுத்தார்கள். அருணாச்சலம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வாழ்க்கையில் இரும்புக்குக் குறைச்சலே இல்லை.

மறுபடியும் ரயில், மறுபடியும் ஷேர் ஆட்டோ. ரயிலில் ஏஞ்சலின் மட்டும், "வந்துட்டியாண்ணா?" என்று கதவோரம் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டாள். ஆலை வாசலில் குப்புராஜ் இல்லை. ஊரில் அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள் என்று லீவில் போயிருந்தார். வேறு ஒரு ஆள் தகர அறையில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் காலை, பொன்னேரிக்கும் கவரைப்பேட்டைக்கும் நடுவில், இரண்டு பேருடைய முழங்கைகளுக்கு இடையில் அவர் செல்போன் அடித்தது.

"மாமா! வண்டி தங்கம் மாமா!" வசந்தகுமார் கத்தினான். "இருவது குடுக்குது!"

"இன்னா குடுக்குது?"

"இருவது மாமா! சாதா பெட்ரோலுதான் ஊத்துறேன். ஏசி போட்டுக்கினுதான் ஓட்டுறேன். உங்களுக்கு ஓட்டத் தெரியல மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. கியர மாத்துறதுல இருக்குது வெவரம்."

அருணாச்சலம் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். அதே கார், அதே இன்ஜின், அதுவும் சாதா பெட்ரோலில் இருபது. பிறகு அந்த ஏழு எங்கிருந்து வந்தது? ஒரு வண்டி வேண்டுமென்றே ஒரு மனிதனை இப்படிப் பேஜார் பண்ணுமா? ரோஷம்கூட வரவில்லை அவருக்கு. அசதியாகத்தான் இருந்தது. ஸ்டேஷனில் எதிர்ப்பட்ட ஸ்டீபனிடம் சொன்னார்.

ஸ்டீபன் ஒரு நிமிடம் யோசித்தான். "திருத்தணி பக்கம் மல இருக்குதுல்ல. மலக்காத்துணா. இன்ஜினுக்கு நல்லது."

அருணாச்சலம் அவனை விட்டு வேறு ஷேர் ஆட்டோவில் ஏறினார்.

ஆலை வாசலில் இறங்கியபோது, லீவு முடிந்து வந்திருந்த குப்புராஜ் புங்கமரத்தடியில் நின்று வெறும் தரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையில் மறுபடியும் ஈரத்துண்டு.

"சார், வண்டி எங்க?"

"மச்சானுக்குக் குடுத்துட்டேண்ணா."

"குடுத்துட்டீங்களா? நல்லாத்தான ஓடினு இருந்துது?"

"மைலேஜு குடுக்கல. பிரீமியம் ஊத்தியும் குடுக்கல."

குப்புராஜுக்கு மைலேஜ் பேச்சு காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. முகம் தொங்கிப் போய், மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தார். பிறகு, தகப்பனைப் பறிகொடுத்தவர் மாதிரி அருணாச்சலத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குக் குடுத்து வெச்சது அவ்ளோதான் சார். ஆனா உங்கள மறக்க மாட்டேன். வண்டிய வுட்டு நவுராதன்னு நீங்களே சொல்லி, நெழல்ல கொண்டாந்து நிறுத்தி, ஒசத்தி பெட்ரோலு ஊத்தி, ஊட்டி மாதிரி கேஸும் ரொப்பி, தெனம் சாப்பாடு முடிஞ்சதுலேர்ந்து சங்கு ஊதுற வரைக்கும் ஏசி போட்டுத் தூங்குன்னு ஒரு வாட்ச்மேனுக்கு இந்த சிப்காட்டுல வேற எவன் சார் பண்ணுவான்?"